உடைசல் பெட்டி

அற்புதமணி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது உடன்குடிச் சந்தையில், ஒரு கருப்பட்டி வியாபாரியின் வாயிலிருந்து. அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தி, "அற்புதமணி வாரா. அடிப்பெட்டிய உள்ள தள்ளும் வே" என்றார். என் சின்ன நாத்தனாரைப் பிரசவத்துக்கு அழைத்துவரப் போன வழியில் சந்தைக்குள் நுழைந்திருந்தேன். யாரோ அதிகாரி வீட்டம்மாள் வருகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தால், தாவணி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி நிற்கிறாள். வட்டுக் கருப்பட்டி ஒன்றைக் கல்லில் தட்டி உடைத்து, உள்பக்கத்தை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள். "இது பனையில ஊறினதா, சீனி மூட்டையில ஊறினதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

உள்ளே மினுங்கினால் சீனி கலந்தது. மங்கலாக இருந்து, நுனிநாக்கில் லேசாகக் கரித்தால் நல்லது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லாரும் மேல்பெட்டியில் ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்குவார்கள். இவள் அடிப்பெட்டியில் கையை விடுவாள்.

கொஞ்ச வருஷம் கழித்து எங்கள் செல்வதுரைக்குப் பெண் பார்த்தார்கள். செல்வதுரை என் வீட்டுக்காரரின் சித்தப்பா பேரன், எனக்கு மகன் முறை. சாத்தான்குளத்துப் பெண், அற்புதமணி என்று பெயர், தகப்பன் இல்லை, பொன்னுதுரை என்று ஒரு தம்பி உண்டு என்றார்கள். பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தை ஞாபகம் வந்தது. பெண் எப்படி என்று கேட்டவர்களிடம், "சரக்குப் பார்க்கத் தெரிந்தவள்" என்று மட்டும் சொன்னேன். பெண் பார்க்கப் போன அன்று காப்பியைக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் செருப்பைத்தான் அவள் பார்த்தாளாம். காலுக்குப் பொருந்தியிருக்கிறதா, யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டு வந்திருக்கிறானா என்று. செல்வதுரையே சொல்லிச் சிரித்தான். செருப்பு இரவல்தான். அதையும் தெரிந்துகொண்டே கட்டிக்கொண்டாள்.

செல்வதுரை தூத்துக்குடியில் பழைய துறைமுகத்தில் மூட்டை இறக்கினான். புதுத் துறைமுகம் திறப்பதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அற்புதமணி சாத்தான்குளத்துக்குத் திரும்பிப் போகவில்லை. திருச்செந்தூர் ரோட்டுக்குக் கிழக்கே, உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கும் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு எதிரே, அதே ஓலை வீட்டில் இருந்துகொண்டு காப்பிக் கடைகளுக்குக் கூடையில் கருப்பட்டி போட ஆரம்பித்தாள். கூடவே தெருவின் பண்டிகைகளையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு வெயில் அடித்தால்தான் கூலி. தை பிறந்து அளம் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் வேலை இருக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் பாத்தி நிரம்பி அளம் மூடிவிடும். ஆனால் பண்டிகைகள் வெயிலைப் பார்த்து வருவதில்லை. மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் திருநாள், குலசேகரன்பட்டினத்துத் தசரா, தீபாவளி, கிறிஸ்மஸ் எல்லாம் கூலி குறைகிற காலத்திலும் கூலியே இல்லாத காலத்திலும்தான் வரிசையாக வந்து நிற்கும். சித்திரையில் கையில் இருக்கும் காசை ஐப்பசிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் புருஷன் இருக்கிறான், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருக்கிறது, வளையல்காரன் இருக்கிறான். காசு ஆடி மாசத்தைத் தாண்டியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு பெண்கள் தெருக்குழாயில் கால் கழுவுவார்கள். காலில் உப்பு வெட்டின புண் எரியும். அந்த நேரம் பார்த்து அற்புதமணி குடத்தோடு வந்து நிற்பாள். குடம் காலியாகவே இருக்கும். "கைய நீட்டு" என்பாள். கொடுக்கிற நாணயத்தைத் தரையில் போட்டுச் சத்தம் கேட்டுப் பார்ப்பாள். நோட்டாக இருந்தால் சூரியனுக்கு நேரே பிடிப்பாள். "ஏளா, நாங்க என்ன வீட்ல அடிச்சா கொண்டுவாறோம்?" என்று பிளாரன்ஸ் கேட்பாள். பிளாரன்ஸ் கடற்கரைப் பிள்ளை. புருஷன் மரியான் தோணியில் கொழும்புக்குப் போகிறவன். தெருவில் வாய் அவளுடையது.

"நீ அடிக்க மாட்டே. உனக்குக் குடுத்தவன் அடிச்சிருப்பான்" என்பாள் அற்புதமணி.

வாங்கின காசைக் காசாக வைக்க மாட்டாள். பதநீர் ஓடுகிற காலத்தில் கருப்பட்டி மலிவு. சந்தை நாளுக்கு உடன்குடி பஸ் ஏறிப் போய், அத்தனை காசுக்கும் கருப்பட்டி வாங்கி வருவாள். அவள் வீட்டு அடுப்புக்கு மேலே பரண். பரணில் வீட்டுக்கு ஒரு ஓலைப்பெட்டி. யாருடைய பெட்டி என்று தெரிய, அந்தந்தப் பெண்ணின் பழைய சேலையிலிருந்து கிழித்த துண்டைக் கட்டியிருப்பாள். பெட்டியைக் காய்ந்த பனையோலையால் சுற்றி நாரால் ஒரு முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது. கீழே அடுப்பில் தேங்காய் மட்டைக் கதம்பை ராப்பகலாகப் புகைந்துகொண்டிருக்கும். கருப்பட்டிக்கு ஈரம் ஆகாது, காற்றில் ஈரம் பட்டாலே இளகிவிடும். புகை போட்டு வைத்தால் வருஷத்துக்கும் நிற்கும், மழைக்காலத்தில் விலையும் ஏறும். தீபாவளிக்கு முன்னால் பெரிய கடைத் தெருவில் தளவாய் அண்ணாச்சி கடைக்குப் போட்டு, அந்தக் காசில் அவரவருக்குச் சேலையும் அரிசியும் எண்ணெயுமாக வாங்கிக் கொடுப்பாள்.

கூலி என்று ஒன்றும் கேட்க மாட்டாள். "உடைசல் எனக்கு" என்பாள். அவ்வளவுதான். பஸ்ஸில் குலுங்கி உடைந்தது, பெட்டியில் நெரிந்தது எல்லாம் அவளுக்கு. முழு வட்டு தெருவுக்கு.

சந்தேகம் இந்த உடைசலில்தான் பிறந்தது. எவ்வளவு உடைகிறது என்று யார் பார்த்தார்கள்? பரணை யாருக்கும் காட்ட மாட்டாள். ஒருதரம் நானே கேட்டேன், ஒரு கண் பார்த்துவிட்டுப் போகிறேனே என்று.

"வேண்டாம் மாமி. பாத்தா கேப்பாவ. கேட்டா குடுக்கணும். குடுத்தா தீவாளிக்கு என்னத்த வைப்பாவ?" என்றாள்.

நியாயம்போலத்தான் இருந்தது. திருடுகிறவளும் இதையேதான் சொல்வாள் என்று வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது.

சாத்தான்குளத்தில் அவள் தம்பி பொன்னுதுரை ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டான். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்த வேகத்துக்குத் தந்தி வந்திருக்காது. அவன் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன், எப்படிப் போட்டான் என்று பிளாரன்ஸ் குழாயடியில் கேட்டாள். ஆனாலும் சனிக்கிழமை வந்ததும் எல்லாரும் கையை நீட்டிக் காசைக் கொடுத்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? வீட்டில் வைத்தால் புருஷன் எடுப்பான் என்பது சந்தேகம்கூட இல்லை.

வாங்கிக்கொண்ட காசுக்குச் செலவையும் அவளே சொல்லுவாள். மணப்பாட்டுத் திருநாளுக்குப் புறப்படும் பெண்களை நிறுத்தி, "மெழுகுதிரி ஒண்ணு போதும். சோத்தக் கெட்டிக்கிட்டுப் போ. பிள்ளைக ராட்டினம் ஏறட்டும், நீ ஏறாத. வளையலு கடைப் பக்கம் முகத்தத் திருப்பாத" என்பாள்.

"இது திருநாளுக்குப் போறமா, ஆஸ்பத்திரிக்குப் போறமா?" என்பாள் பிளாரன்ஸ்.

எழுபத்தேழில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷம் ஆவணியில் அடுத்த வீட்டுப் பேச்சியின் மகளை ஆறுமுகநேரியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பேச்சியும் புருஷன் இசக்கியப்பனும் இரண்டு பேருமே அளத்துக் கூலி. தீபாவளி ஐப்பசி கடைசியில் விழுந்தது, அளம் மூடிச் சில வாரம் ஆகிவிட்டது. அதுதான் மகளுக்குத் தலைத் தீபாவளி. மாப்பிள்ளையின் தாய் கல்யாணப் பந்தியிலேயே கையைக் கழுவிக்கொண்டு சொன்னாளாம்: "தலைத் தீவாளிக்கு என் மவன வெறுங்கையோட திருப்பி அனுப்பினா, உங்க பிள்ளை அங்கனயே இருந்துக்கிடட்டும்." சிரித்துக்கொண்டு சொன்னாள் என்பார்கள். பேச்சிக்கு அந்தச் சிரிப்பு பிடிபடவில்லை. வெயில்காலம் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட விடாமல் அற்புதமணி கையில் கொடுத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வேஷ்டி சட்டை, மகளுக்குச் சேலை, பலகாரம், வருகிற நாலு பேருக்குச் சோறு எல்லாம் பரணில்தான் இருந்தன.

இதற்காக இசக்கியப்பனின் வேஷத்திலும் கை வைத்திருந்தாள் அற்புதமணி. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக அவன் முத்தாரம்மனுக்கு நேர்ந்திருந்தான். காளி வேஷத்துக்குச் சடைமுடி வேண்டும், கிரீடம் வேண்டும், கைகள் வேண்டும். "அதுக்கெல்லாம் துட்டு காணாது. குரங்கு வேஷம் போடும்" என்றுவிட்டாள்.

"நேர்ச்சை எனக்கா உனக்கா? ஒரு வேதக்காரி எனக்கு வேஷம் சொல்லுதா பாரு" என்று குதித்தான். அற்புதமணி கிறிஸ்தவப் பெண்.

"குரங்குக்குத் தனித் திருநீறா குடுக்காவ? மருமவன் வேட்டிய நெனச்சிப் பாரும்" என்றாள். பேச்சியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். இசக்கியப்பன் வாலைக் கட்டிக்கொண்டு குலசைக்குப் போய் வந்தான். அந்த வால் அவன் மனசை விட்டு அவிழவே இல்லை.

தளவாய் அண்ணாச்சிக்குச் சரக்குப் போடுவது என்று நாள் குறித்திருந்த வாரம். ஒரு வியாழக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. கூரையில் புகை வந்துகொண்டிருந்தது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. மறுநாள் புகை மெலிந்தது. அதற்கு மறுநாள் நின்றுவிட்டது. அவள் பரணில் பெட்டி வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கூரையில் புகை நின்றதை நாங்கள் பார்த்ததில்லை.

பிளாரன்ஸ் கதவைத் தட்டினாள். உள்ளே தாழ். சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு, ஈரக்காலோடு ஓடி வந்தாள். "பின்னாடி பூட்டு தொங்குது. முன்ன தாழ்ப்பாளப் போட்டுட்டு, பின்வழியா போயிருக்கா" என்றாள். அப்புறம் தெருவில் எல்லாருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சாத்தான்குளத்துல ஓடு எப்படி ஏறுச்சுன்னு இப்பவாவது தெரியுதா?" என்றாள்.

சொந்தக்காரி என்று என்னைத்தான் கேட்டார்கள். எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சி தூறலில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எம்பிள்ளைய இங்கனயே விட்டுருவாவளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இசக்கியப்பன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலிப் பூவரச மரத்தில் ஏறிக் கூரைக்குத் தாவினான். அந்த நேரத்திலும் பிளாரன்ஸால் சும்மா இருக்க முடியவில்லை. "குரங்கு வேஷம் போட்டது வீண்போகல" என்றாள். பேச்சியைத் தவிர எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பரணுக்கு நேர் மேலே ஓலையை விலக்கிக் கையை உள்ளே விட்டான். ஒவ்வொரு பெட்டியாக அசைத்துப் பார்த்தான். கனமாகத்தான் இருந்தன. கல்லாக இருந்தாலும் கனக்கும் என்று கீழேயிருந்து ஒரு குரல். பேச்சியின் மஞ்சள் சேலைத் துண்டு கட்டின பெட்டியை இழுத்து, நார் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஓலைச் சுற்றைப் பிரித்தான். ஒரு வட்டை எடுத்து உயர்த்திக் காட்டினான். கறுப்பாக, புகை ஏறி, நல்ல கருப்பட்டி. பெட்டி வாய்வரைக்கும் இருந்தது.

தெருவில் யாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

"இங்கன ஒரு பெட்டி துணி கெட்டாமக் கெடக்கு. எல்லாத்தையும் விடப் பெருசு" என்று மேலிருந்து சொன்னான் இசக்கியப்பன். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அவன் பேச்சியின் பெட்டியை மூடி, தனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டு, ஓலையைக் கையால் அமுக்கிவிட்டு இறங்கினான். அன்று சாயங்காலம் பிடித்தது மழை. விடாமல் அடித்தது. முக்காணிப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது, பஸ் ஓடவில்லை என்றார்கள். கீழே அடுப்பில் நெருப்பு இல்லை. மேலே ஓலை சரியாகப் படியவில்லை. உள்ளே போக வழியில்லை. பேச்சி ராத்திரியெல்லாம் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மறுநாள் அவள் கண்ணைப் பார்த்தே தெரிந்தது.

மழை வெறித்த அன்று மத்தியானம் அற்புதமணி வந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. கக்கத்தில் பையும் வேதப்புத்தகமும். நாசரேத்தில் அவள் சின்னம்மை இறந்துபோயிருந்தாள். விடியும் முன்னால் ஆள் வந்து சொல்லியிருக்கிறான். அந்தச் சின்னம்மை எனக்கும் தூரத்து உறவுதான், என் அண்ணி வகையில். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே" என்றேன்.

"அதான் சொல்லல மாமி. நீங்களும் கெளம்பிட்டா ரெண்டு வீடு பூட்டிக் கெடக்கும். ஊருக்கே தெரிஞ்சுபோவும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருமுனையில் வரும்போதே அவள் கண் கூரைக்குப் போய்விட்டது. பரணுக்கு மேலே ஒரு ஓலையின் நுனி மற்ற ஓலைகளுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் இனிப்பு வாடை தெருவுக்கு வந்தது. அடுப்புக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பாகு வடிந்து, அடுப்புச் சாம்பலில் தேங்கி, அதில் எறும்பு. அவள் சத்தம் போடவில்லை. பரணில் ஏறி ஒவ்வொரு பெட்டியாக இறக்கினாள். முடிச்சு அவிழாத பெட்டிகளில் மேலோலை நனைந்திருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் துண்டு கட்டின பெட்டியைத் தூக்கியபோது அடியிலிருந்து பாகு ஒழுகியது, சட்டியில் ஏந்தினாள். அவள் நாரைப் பார்த்தாள்.

"இது என் முடிச்சு இல்ல" என்றாள்.

பேச்சி அழ ஆரம்பித்தாள். இசக்கியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஆமா, நான்தான் பிரிச்சேன். ஒருத்திட்டயும் சொல்லாமக் கொள்ளாம போனா நாங்க என்னன்னு நெனைக்க?"

"சொல்லிட்டுப் போயிருந்தா கூரை பிரியாம இருந்திருக்குமா?" என்றாள் அற்புதமணி.

அவன் தலையைத் திருப்பிக் கூரையைப் பார்த்தான்.

பேச்சியின் பெட்டியில் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பிசினைத் தவிர மிச்சம் இல்லை. தளவாய் அண்ணாச்சி முழு வட்டுதான் எடுப்பார், இளகினதைத் தொடக்கூட மாட்டார். தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பேச்சி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "என் தலைவிதி, நாங்களே பிரிச்சுப் போட்டோம்" என்றாள்.

அற்புதமணி மறுபடி பரணில் ஏறினாள். துணி கட்டாத அந்தப் பெரிய பெட்டியைத் தோளில் சாய்த்து இறக்கினாள். தனியாக இறக்க முடியவில்லை, இசக்கியப்பன் போய்ப் பிடித்தான். பிடிக்கும்போது அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி நிறைய உடைசல். பாதியும் காலுமாகக் கருப்பட்டித் துண்டுகள்.

பேச்சியின் பெட்டியைக் கழுவித் துடைத்து, தீயில் காட்டி, அதில் உடைசலை அள்ளிப் போட்டாள். வாய் நிரம்பியது. அதற்கு மேலும் குவித்தாள். "உடைசலுக்கு அண்ணாச்சி கொறச்சுத்தான் போடுவாரு. அதனால கோபுரமா வைக்கேன். உனக்குக் கொறையாது" என்றாள். சாம்பலில் விழாமல் சட்டியில் ஏந்தின பாகையெல்லாம் தன் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டாள். "இது எனக்கு."

நியாயமாக எல்லாரும் அந்த நேரத்தில் அற்புதமணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பெரிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சிக்கு அள்ளின பிறகும் அதில் பாதி மிச்சம் இருந்தது.

"ஏளா," என்றாள் பிளாரன்ஸ் மெதுவாக, "நீ கருப்பட்டி வாங்கினியா, கண்ணாடி வாங்கினியா?"

"உடன்குடி ரோட்ட நீ பாத்திருக்கியா?" என்றாள் அற்புதமணி.

நானும் குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். நேர்பாதியாக உடைந்திருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. பஸ்ஸில் குலுங்கினால் கருப்பட்டி விளிம்பு நெரியும், தூள் உதிரும். கல்லில் தட்டிச் சோதித்துப் பார்த்தால்தான் நேர்பாதியாக உடையும். அடிப்பெட்டியில் கைவிட்டு, தெருவுக்கு நல்ல சரக்கு வாங்க அவள் தட்டினவையாக இருக்கும். பரணில் உட்கார்ந்து தட்டினவையாகவும் இருக்கும். உடைந்த பக்கம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். துண்டைப் பெட்டியில் திரும்பப் போட்டேன். அவள் நான் போட்டதைப் பார்த்தாள்.

தலைத் தீபாவளி நடந்தது. மாப்பிள்ளை புது வேஷ்டியோடு தெருவில் நடந்ததைக் கூட வந்திருந்த ஆறுமுகநேரிச் சம்பந்தி பார்த்துவிட்டுத்தான் போனாள், ஒரு குறையும் சொல்லவில்லை. மகள் மூன்றாம் நாள் புருஷனோடு பஸ் ஏறினாள். பேச்சி ரோடுவரைக்கும் போய் நின்றாள். அந்த இளகின பாகை அற்புதமணி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். வடிகட்டி, காய்ச்சி, சிறுபயறு வறுத்து இடித்து, முந்திரிக்கொத்து சுட்டு, தீபாவளிக்கு முன்னால் குழாயடியில் வைத்து விற்றாள். சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் வேண்டும் என்று பேச்சியே காசு கொடுத்து வாங்கினாள். "உன் பாகு, உன் காசு, அவளுக்கு லாபம். இதுக்குத்தான் ஆளு வேணும்" என்று பிளாரன்ஸ் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் வாங்கினாள். மரியான் கொழும்பிலிருந்து வந்தால் கேட்பான் என்று.

இதற்குப் பிறகு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் பங்குனியில் முதல் சனிக்கிழமை அற்புதமணி காலிக் குடத்தோடு குழாயடிக்கு வந்தாள். யாரும் அசையவில்லை. பேச்சிதான் முதலில் கையை நீட்டினாள். அற்புதமணி அந்த நாணயத்தைத் தரையில் போட்டுச் சத்தம் கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். குழாயடியில் நின்று, "நான் உடன்குடிக்குப் போறேன். ராத்திரி தங்கிட்டு நாளைக்குத்தான் வருவேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள். பஸ் நிற்கும் இடம்வரைக்கும் போவாள். பிறகு எதையோ மறந்துவிட்டவள்போலத் திரும்பி வந்து, கூரையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாள். பொன்னுதுரை வீட்டுக்கு இந்த வருஷம் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறான் என்று கேள்வி.

இன்று காலையிலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தாள். ஆனால் கூரையைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பேச்சியிடம் கொடுத்து, "மத்தியானமும் அந்தியிலயும் கதம்பை போடு, அணையவிடாத" என்றாள். பேச்சி கதம்பைக் கட்டோடு உள்ளே போனபோது கூடவே நானும் போனேன். பரணின் வாயை ஒரு பழைய பாய் மூடியிருந்தது. பாயைச் சுற்றி நார் இழுத்து, குறுக்கே ஒரு முடிச்சு, அற்புதமணியின் முடிச்சு. பேச்சி தலையை நிமிர்த்தாமல் கதம்பையைத் திணித்து ஊதிவிட்டு வெளியே வந்தாள்.

இதை எழுதும்போது எதிர்வீட்டுக் கூரையில் புகை வருகிறது. சாவி பேச்சியின் முந்தானையில் இருக்கிறது. அற்புதமணி உடன்குடிச் சந்தையில் இருக்கிறாள்.